பாதி விலையில் ஜெர்மன் கார்: ஆலங்காயத்துக்கு ஒத்துவருமா?

2019 ஆகஸ்டில் பி.எம்.டபிள்யூ. 330ஐ எம் ஸ்போர்ட் இந்தியாவுக்கு வந்தபோது அதன் ஷோரூம் விலை 47 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். சாலை வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல். காப்பீட்டு நிறுவனங்கள் போடும் தேய்மானக் கணக்குப்படி, நான்கு வருடத்தைத் தாண்டி ஐந்தாவது வருடத்தில் ஓடும் எந்தக் காருக்கும் மதிப்பில் 50 சதவீதம் கழிந்துவிடும். செகண்ட் ஹேண்ட் சந்தையும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போகிறது. வரியெல்லாம் சேர்த்து அரைக் கோடிக்கு மேல் கொடுத்து ஒருவர் வீட்டுக்கு ஓட்டி வந்த கார், சில வருடங்களில் புது இன்னோவா வாங்கப் புறப்பட்டவரின் கைக்கு எட்டும் விலையில் வந்து நிற்கிறது.

அந்த விலையைச் செல்போனில் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் சென்னையிலும் பெங்களூருவிலும் மட்டும் இல்லை. ஜவ்வாது மலை அடிவாரத்தில், வாணியம்பாடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் ஆலங்காயத்திலும் இருக்கிறார்கள். இரண்டு பெருநகரங்களுக்கும் நடுவே போகும் தேசிய நெடுஞ்சாலை பக்கத்தில். தோல் தொழிலில் காலூன்றிய வாணியம்பாடியும் ஆம்பூரும் பக்கத்தில். பெங்களூருவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வார இறுதியில் ஊருக்கு வந்து போகிறார்கள். ஆசைப்படக் காரணமும் இருக்கிறது, ஓட்டிப் பார்க்க ரோடும் இருக்கிறது.

வாங்கலாமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு நகரத்து ஆள் சொல்லும் பதில் ஆலங்காயத்துக்குப் பொருந்தாது. நகரத்தில் அது விலையைப் பற்றிய கேள்வி. இங்கே அது தூரத்தைப் பற்றிய கேள்வி. வண்டி நின்றுவிட்டால், அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மற்ற கணக்குகள் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

ஆசை நியாயமானதுதான்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது வெறும் பகட்டுக்கான ஆசை என்று ஒதுக்குவது தவறு. ஸ்போர்ட்ஸ் செடான் என்பது நாலு கதவும் டிக்கியும் உள்ள குடும்பக் கார். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம், கல்யாணத்துக்குச் சீர்வரிசைத் தட்டும் ஏற்றலாம். ஆனால் அதே கார் வளைவில் திரும்பும்போது சாலையோடு ஒட்டிக்கொண்டு திரும்பும். 330ஐ-யின் இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 258 குதிரைத்திறன் தருகிறது. நின்ற நிலையிலிருந்து ஆறு நொடிக்குள் 100 கிலோமீட்டர் வேகம். எடை முன்னாலும் பின்னாலும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்திருக்கும். பின் சக்கரம் தள்ள, முன் சக்கரம் திரும்புவதை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

ஆலங்காயத்தைத் தாண்டிக் காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் பக்கம் ஏறும் மலைப்பாதையில் இந்த வித்தியாசம் புரியும். உயரமான எஸ்.யூ.வி. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சாயும். பின் சீட்டில் இருப்பவருக்கு வயிறு புரட்டும். நல்ல செடானில் அந்தச் சாய்வு இருக்காது. பிரேக் மிதித்தால் மிதித்த அளவுக்கு நிற்கும். ஓட்டுவதில் உண்மையான பிரியம் உள்ளவர் இந்தக் காரை விரும்புவதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வேகம் காட்டத்தான் வேண்டும் என்றால் மட்டும் இந்த மலை ரோடு அதற்கு இடமில்லை. எதிரே பஸ் வரும், ஆடு மாடு வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து வருவார்கள்.

சென்னை ஏற்கெனவே பார்த்த பாடம்

தமிழ்நாட்டுக்கு ஐரோப்பிய செடான் புதிதல்ல. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து ஹெரால்டு கார் வந்ததைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே நிறுவனம் 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. 1977-ம் ஆண்டின் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது பெற்ற வடிவம் அது. அங்கே அதில் மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின் இருந்தது. இங்கே அந்த இன்ஜினை எடுத்துவிட்டு, பழைய வேன்கார்டு கார் காலத்து இரண்டு லிட்டர் இன்ஜினின் வழிவந்த ஒன்றைப் பொருத்தினார்கள். நம் ரோட்டுக்காக உயரத்தையும் கூட்டினார்கள். அதிக விலை, இழுவை இல்லாத இன்ஜின். 1988-ல் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. மிச்சமிருந்த உதிரிபாகங்களைப் பின்னாளில் பிரிட்டனில் ரோவர் பாகம் விற்கும் ஒரு நிறுவனமே வாங்கிக் கப்பலேற்றியது. இங்கே கார் வைத்திருந்தவர்கள் கைவிடப்பட்டார்கள்.

ஓப்பல் ஆஸ்ட்ரா வாங்கியவர்களுக்கும் பிறகு ஃபியட் லீனியா வாங்கியவர்களுக்கும் இதே அனுபவம்தான் வேறு வேறு அளவில் நேர்ந்தது. கார் நன்றாகத்தான் இருந்தது. கம்பெனி கடையைக் கட்டியதும் மறுவிற்பனை விலை சரிந்தது, பாகம் தேடி அலைய வேண்டி வந்தது. ஆகவே பழைய ஐரோப்பிய கார் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பிராண்டின் பெருமையை அல்ல. அந்த மாடலை இந்தியாவில் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள், பாகங்களைச் சேர்த்து எங்கே பூட்டினார்கள், இன்னும் பாகம் வருகிறதா என்பதைத்தான்.

இந்த இடத்தில் பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸுக்கு ஒரு பலம் இருக்கிறது. 2007 மார்ச்சில் திறக்கப்பட்ட அதன் இந்தியத் தொழிற்சாலை செங்கல்பட்டு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. 387 குதிரைத்திறனோடு வந்த எம்340ஐ காரைக்கூட 2021 முதல் அங்கேயே பூட்டுகிறார்கள். ஆடி ஏ4 அவுரங்காபாத்திலும் மெர்சிடிஸ் சி கிளாஸ் புனே அருகே சாக்கனிலும் பூட்டப்பட்டவை. இப்படி இங்கே பூட்டப்பட்ட காருக்குப் பாகம் கிடைப்பது, முழுதாக இறக்குமதியான காரைவிடச் சுலபம். பதினைந்து வருடம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதும் இந்த வேறுபாடு பணமாகத் தெரியும்: 2022 ஏப்ரல் முதல் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய் கட்டணம் என்றால், இறக்குமதிக் காருக்கு 40,000.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். பிரியர்கள் தனி ரகம். டர்போ பெட்ரோல் காரின் சுவையை இந்தியர்களுக்குக் காட்டிய முதல் கார்களில் ஒன்று அது. 2017-ல் 230 குதிரைத்திறனோடு திரும்பி வந்தது. 2020-ல் ஆர்.எஸ். 245 என்ற பெயரில் 200 கார்கள் மட்டுமே இறக்குமதியாயின. 2025-ல் மறுபடி 100 கார்கள், 49 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய்க்கு. ரசனையுள்ள தேர்வுதான். ஆனால் நாடு முழுக்க 200 கார்கள் மட்டும் உள்ள மாடலுக்கு ஒரு பம்பர் உடைந்தால் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பதை ஆலங்காயத்துக்காரர் யோசித்துக்கொள்ள வேண்டும்.

எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ்

பழைய காரில் மாடல் பெயரைவிட முக்கியம், பானெட்டுக்குள் எந்த இன்ஜின் என்பது. ஒரே பெயரில் நல்லதும் உண்டு, தலைவலியும் உண்டு.

320டி என்று விற்பனைக்கு வரும் டீசல் காரை எடுத்துக்கொள்வோம். 184 குதிரைத்திறன் என்றால் பழைய என்47 இன்ஜின். 190 என்றால் அதன்பின் வந்த பி47. இந்த ஆறு குதிரைத்திறன் வேறுபாட்டுக்குள் ஒரு பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. என்47 இன்ஜினில் டைமிங் செயின் தேய்ந்து அறுந்துபோவது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. அந்தச் செயின் இன்ஜினின் முன்பக்கம் இல்லை. பின்னால், கியர்பாக்ஸ் ஒட்டும் பக்கத்தில் இருக்கிறது. செயினை மாற்றவே இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். வேலைக்கூலி பாகத்தின் விலையை முழுங்கிவிடும். செயின் ஓடும்போதே அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும்.

பெட்ரோலில் 328ஐ-யின் என்20 இன்ஜினுக்கும் இதே மாதிரி ஒரு பலவீனம். செயினைப் பிடித்து வழிநடத்தும் பிளாஸ்டிக் கட்டை நொறுங்கும்; 2015 தொடக்கம் வரை வந்த இன்ஜின்களில் இது அதிகம். அதற்குப் பின் வந்த பி48 வகை, அதாவது 2019-க்குப் பிந்தைய 330ஐ-யில் உள்ளது, எவ்வளவோ மேல்.

ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் பக்கம் கேட்க வேண்டியது கியர்பாக்ஸைப் பற்றி. டி.எஸ்.ஜி. என்ற ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. கிளட்ச் எண்ணெயில் ஊறியிருப்பது ஒன்று, உலர்ந்த கிளட்ச் இன்னொன்று. உலர்ந்த கிளட்ச் உள்ள ஏழு கியர் டி.க்யூ.200 வகையில், கியரை மாற்றும் மெக்கட்ரானிக் பகுதி பழுதாவதும் கிளட்ச் சூடாகி உதறுவதும் பல நாடுகளில் புகாரானவை. சீனாவில் திரும்பப் பெறும் அளவுக்கே போனது. ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ. காரில் இருப்பது இந்த வகைதான். மலையேற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போவதைப் போல இந்தக் கிளட்சுக்கு ஆகாதது வேறில்லை. ஆர்.எஸ்., பழைய 2.0 டி.டி.ஐ. ஆகியவற்றில் எண்ணெயில் ஊறும் வகை இருக்கிறது. அதில் ஆறு கியர் வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் விலையில் குறைக்கச் சொல்லாதீர்கள், வேறு வண்டி பாருங்கள்.

பி.எம்.டபிள்யூ. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இசட்.எஃப். நிறுவனம் செய்யும் எட்டு கியர் வகை. உழைப்பில் உலகத்தின் சிறந்த கியர்பாக்ஸ்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் ஒரு சிக்கல்: கார் கம்பெனி 'ஆயுசுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டாம்' என்கிறது, கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவர் பேச்சைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். கம்பெனியின் கணக்கில் 'ஆயுசு' என்பது முதல் ஓனரோடு முடிந்துவிடும். நீங்கள் இரண்டாவது ஓனர்.

பழைய டீசல் காருக்கு இன்னும் தேவை குறையவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன், ஆடி மூன்றும் இந்தியாவில் டீசலை நிறுத்திவிட்டதால், இருக்கும் வண்டிகளுக்குக் கிராக்கி. நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு டீசல் சரி. ஊருக்குள்ளேயே கடை, வீடு, ஸ்கூல் என்று ஓட்டுபவருக்குப் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜினுக்கு ஒரு நீண்ட ஓட்டம் தேவை. பெட்ரோல் கார் வாங்குபவர் எரிபொருள் மூடிக்குப் பின்னால் உள்ள ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் பாகங்கள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய காரென்றால் கையேட்டில் எவ்வளவு அனுமதி என்று பார்த்துவிடுங்கள்.

வெள்ளம் பார்த்த வண்டி

எனக்கு மிகவும் பயம் தருவது இன்ஜின் குறை அல்ல, தண்ணீர். ஆலங்காயத்துக்கு வரும் செகண்ட் ஹேண்ட் சொகுசுக் கார்கள் பெரும்பாலும் இரண்டு ஊர்களிலிருந்து வரும். சென்னை 2015 டிசம்பரில் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி மூழ்கியது. பெங்களூருவின் கிழக்குப் பகுதியில் 2022 செப்டம்பரில் பணக்காரக் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்து, விலை உயர்ந்த கார்கள் கூரை வரை நின்ற படங்களை நாடே பார்த்தது. மூழ்கிய கார்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று தீர்த்த வண்டிகள் ஏலத்தில் போகின்றன. காய வைத்து, சீட் கழுவி, சென்ட் அடித்து, வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வருகின்றன.

சாதாரணக் காரே வெள்ளத்தில் கெட்டுப்போகும். ஐரோப்பியக் காரில் கன்ட்ரோல் யூனிட்டுகளும் ஒயர் இணைப்புகளும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் இருக்கும். வாங்கிய அன்றைக்கு எல்லாம் வேலை செய்யும். ஆறு மாதத்தில் இணைப்புகளில் பச்சை பூக்கும். ஒரு நாள் கண்ணாடி இறங்காது, மறுநாள் ஏர்பேக் விளக்கு எரியும், அப்புறம் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. இந்தப் பழுதுக்கு முடிவே இல்லை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை முழுதாக இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். அந்த இடத்தைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டில் துருவைத் தேடுங்கள். டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பேட்டரியைச் சுற்றி மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி.யைப் போட்டதும் ஈரச் சாக்கு வாடை வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

காலை ஆறு மணிக்குப் போங்கள்

"ணா, டாக்டர் வண்டிணா. சிங்கிள் ஓனர். மழையில கூட எடுத்ததில்ல."

புரோக்கர் சொல்லும் இந்த வரியைக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் சொல்கிறார். உண்மை வண்டியிடம்தான் இருக்கிறது.

அதனால் அதிகாலையில் போங்கள். முந்தின இரவிலிருந்து வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு ஸ்டார்ட் செய்து, முதல் ஐந்து நொடி பேசாமல் கேளுங்கள். செயின் தளர்ந்த இன்ஜின் குளிரில் எழும்போது தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டியதுபோல ஒரு சத்தம் வரும். எண்ணெய் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். ஓடிச் சூடான வண்டியில் இந்தச் சத்தம் கேட்காது. மத்தியானம் போய்ப் பார்ப்பவர் தவறவிடுவது இதைத்தான். சைலன்சரில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. பழைய ஆடி ஏ4-ன் டர்போ பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் ரிங் வழியாக எண்ணெய் குடிக்கும் குறை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

வண்டி சூடானதும் ஏ.சி.யை முழுசாக வைத்துக் கால் மணி நேரம் நிறுத்தியே ஓட விடுங்கள். நம் ஊர் வெயிலில் இந்த இன்ஜின்களின் பிளாஸ்டிக் தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் கூடு, ஹோஸ் எல்லாம் காய்ந்து விரிசல் விடும். கூலன்ட் கசிந்த இடத்தில் வெளுத்த தடம் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் காட்டும் காரில், காருக்கு நாலு வருடம் பின்னால் செய்த டயர் இருந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான். எல்லாக் கதவுக் கண்ணாடியிலும் தயாரிப்பு ஆண்டு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கிய வண்டி.

இதற்குப் பிறகு ஸ்கேனர். தெருமுனை ஷெட்டில் இருக்கும் பொதுவான கருவி போதாது. அந்தப் பிராண்டுக்கான மென்பொருள் வேண்டும். மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்தவர் எல்லா யூனிட்டிலும் குறைத்திருக்க மாட்டார். கியர்பாக்ஸ், பிரேக், பி.எம்.டபிள்யூ. என்றால் சாவியிலேயேகூடப் பழைய கணக்கு பதிவாகியிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் ஒருமுறை முழுசாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

காகிதத்தில் தூங்கும் பணம்

பெங்களூரு வண்டி நம் வண்டியைவிட மலிவாகத் தெரியும். டெல்லி வண்டி இன்னும் மலிவு. பத்து வருட டீசலுக்கும் பதினைந்து வருட பெட்ரோலுக்கும் அங்கே விழுந்த தடையால் பல வண்டிகள் தெற்கே வந்தன. ஆனால் வேறு மாநில வண்டியைத் தமிழ்நாட்டில் தங்கவைத்தால் தடையில்லாச் சான்று வாங்கி, பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதற்கு முன் 15. தமிழ்நாட்டு வண்டியை வாங்கினால் முதல் ஓனர் கட்டிய அந்த வரி வண்டியோடு வந்துவிடும். மலிவு என்று நினைத்த பெங்களூரு வண்டியில் அந்தப் பணம் நம் கையிலிருந்து போகும். அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெற ஆபீஸ் படியேறுவது வேறு வேலை.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதமும் 35-ம் படிவமும் கையில் வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டும் பழக்கம் நம் பக்கம் அதிகம். வேண்டவே வேண்டாம். இன்ஷூரன்ஸில் உங்கள் வண்டிக்கான சேதப் பாதுகாப்பு உங்கள் பெயருக்கு மாற 14 நாள்தான் அவகாசம். விற்றவரின் போனஸ் தள்ளுபடி அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. பழைய பாலிசியில் அந்தத் தள்ளுபடி பூஜ்யம் என்று இருந்தால், போன வருடம் ஏதோ ஒரு விபத்துக்கு கிளெய்ம் வாங்கியிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம்.

ஐந்து வருடம் தாண்டிய காருக்குத் தேய்மானம் இல்லாப் பாலிசி கிடைப்பது கடினமாகும். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் கம்பெனி தரும். ஜெர்மன் காரின் முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக்கும் சென்சாரும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மலையில் வாழும் இயந்திரம்

இந்த மலையில் அரை நூற்றாண்டாக ஒரு ஜெர்மன் இயந்திரம் உயிரோடு இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து ஏறினால் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 1972-ல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி, கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜைஸ் ஜெனா நிறுவனம் செய்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டறிந்தபோது, அந்த நோக்குகளில் ஒன்று இந்தத் தொலைநோக்கி வழியாக நடந்தது. அதைச் செய்த நாடே இன்று வரைபடத்தில் இல்லை, தொலைநோக்கி இருக்கிறது. காரணம், அதைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அதே வளாகத்தில் இருந்தார்கள். கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சைப் புதுப்பிக்கும் கருவியையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

நம் காருக்கு அந்த வசதி இல்லை. கைக்கெட்டும் பெருநகரம் என்றால் ஒரு பக்கம் 200 கிலோமீட்டருக்கு மேல் சென்னை, மறுபக்கம் அதைவிடக் கொஞ்சம் கிட்டே பெங்களூரு. வண்டி நின்றால் கயிறு கட்டி இழுக்க முடியாது. ஆட்டோமேட்டிக் காரையும் நாலு சக்கர இழுவைக் காரையும் மேடை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பல பி.எம்.டபிள்யூ. கார்களில் ஸ்டெப்னி கிடையாது. காற்று போனாலும் சிறிது தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர்தான். மலை ரோட்டில் கல் குத்திப் பக்கவாட்டில் கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது, ஒரு டயரே இருபதாயிரம் ரூபாயைச் சுலபமாகத் தாண்டும்.

அடுத்தது தரை. இந்த வகைக் கார்களின் அடிப்பாகம் தரையிலிருந்து 13 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். விதிப்படி போட்டால் எந்தக் காரும் தாண்டும். வாணியம்பாடியிலிருந்து வரும் வழியில் ஊருக்கு ஊர் போட்டிருப்பவை எல்லாம் அந்த அளவில் இல்லை; வெள்ளைக்கோடு இல்லாத குட்டை மேடுகள் இருட்டில் தெரிவதும் இல்லை. நாலு பேர் உட்கார்ந்து போனால் அடி தட்டும். ஒருமுறை இன்ஜின் எண்ணெய்த் தொட்டியில் தட்டி, அதைக் கவனிக்காமல் ஓட்டினால் காரின் கதை முடிந்தது. வாங்கும் முன் விற்பவரிடம் கேட்டு, உங்கள் தெருவுக்கும் வீட்டு வாசல் ஏற்றத்துக்கும் நாலு பேரோடு ஒருமுறை ஓட்டி வந்து பாருங்கள். இந்த ஒரு ஓட்டம் பலருடைய முடிவை மாற்றிவிடும். காவலூர் பக்கம் இரவில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: இந்தக் கார்களின் விளக்கு மிகக் கூர்மையானது. வானாய்வகத்தை நெருங்கும்போது ஹை பீமை அணைத்துவிடுங்கள்.

செலவைக் குறைக்க ஒரு நேர் வழி உண்டு. கார் கம்பெனியின் பெயர் அச்சிட்ட பெட்டியில் வரும் பாகத்தைச் செய்வது பெரும்பாலும் பாஷ், இசட்.எஃப்., மாஹ்லே போன்ற நிறுவனங்கள்தான். அதே பாகம் அவர்களுடைய சொந்தப் பெட்டியில் மலிவாகக் கிடைக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் விசாரித்தால் போதும். கதவு, கண்ணாடி, லைட் கூடு போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. பிரேக், சஸ்பென்ஷன், ஏர்பேக் ஆகிய மூன்றுக்கும் மட்டும் பழைய பாகத்தின் பக்கம் போகவே கூடாது.

என் தீர்ப்பு இது. வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, சென்னையிலோ பெங்களூருவிலோ இந்தப் பிராண்டை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கை வாங்குவதற்கு முன்பே பேசி வைத்திருந்து, காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கென்று தனியாக வங்கியில் போட்டு வைக்க முடிந்தால், 2019-க்குப் பிந்தைய, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட, கம்பெனி சர்வீஸ் பில் ஒன்றுவிடாமல் உள்ள 330ஐ-யை ஆலங்காயத்துக்காரர் தைரியமாக வாங்கலாம். கடன் வாங்கித்தான் அந்த ஐந்தில் ஒரு பங்கையும் போட வேண்டும் என்றால், இந்த வருடம் வாங்காதீர்கள். அடுத்த வருடம் அதே கார் இன்னும் விலை இறங்கித்தான் இருக்கும்.